ஏஜென்ட் எழுதும், கையெழுத்து உன்னுடையது

கண்ணு, உனக்கு வேலை கிடைத்த செய்தியை உன் அம்மா பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வாழ்த்துகளை எல்லோரும் சொல்லி முடித்திருப்பார்கள். நான் கொஞ்சம் புத்தி சொல்கிறேன். கிழவனுக்கு வேறென்ன வேலை? கோபோலில் தொடங்கி, ஜாவாவில் நரைத்து, பைத்தானில் ஓய்வு பெற்றவன் நான். காஞ்சிபுரத்துக்குத் திரும்பிய பிறகும் இரண்டொரு பட்டுக் கடைகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் நிரல் எழுதும் இந்த ஏஐ ஏஜென்டோடு நானும் தினமும் மல்லுக்கட்டுகிறேன். 2021-ல் கிட்ஹப் கோபைலட் வந்தபோது நாம் தொடங்கிய வரியை அது முடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். இன்றைய கிளாட் கோட், கர்சர் எல்லாம் தாமே கோப்பைத் திறக்கின்றன, திருத்துகின்றன, டெஸ்ட் ஓட்டுகின்றன, தோற்றால் சலிக்காமல் மறுபடி முயல்கின்றன. நம்மிடம் இல்லாத ஒரு குணம் அதற்கு இருக்கிறது: களைப்பே கிடையாது. நம்மிடம் இருந்தாக வேண்டிய குணங்கள் சில அதற்கு இல்லை. அவற்றைப் பற்றித்தான் என் புத்திமதி.

1. முதலில் பயத்தை விடு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொன்னது. ஏஐ காரணமில்லை என்று தலைமை சொன்னது. இருந்தும் நம் தெருவில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை. பயம் நியாயமானதுதான். கைத்தறிக்காவது 1985-ல் ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டார்கள், இன்னின்ன ரகத்தை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று. போட்டும் விசைத்தறிச் சேலை சந்தைக்கு வராமல் இல்லை. உனக்கு அப்படி ஒரு சட்டம் வரப்போவதும் இல்லை. ஆகவே ஏஜென்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே. இன்றே எடுத்துப் பழகு. பயந்தபடி பழகுகிறவன் அது சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். அதுதான் எனக்குக் கவலை.

2. நிரலைத் தொடுவதற்கு முன் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொள். இது நான் நேரில் பார்த்தது. ஒரு கடைக்கு இருப்புக் கணக்கு நிரல் எழுத ஒரு பையன் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். ஏஜென்டை வைத்து வெகு சீக்கிரம் எழுதி முடித்தான். சாயப்பட்டறைக்குப் போன பட்டு 10 கிலோ, திரும்பி வந்தது ஏழரைக்குச் சற்று மேல். திரை சிவப்பாக மின்னியது: ‘இருப்புக் குறைவு’. முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு சாயக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பியே விட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பழைய கணக்குப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே தடுத்தார். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை எடுத்தால்தான் நூல் மினுங்கும், சாயமும் ஒழுங்காகப் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை எடை போய்விடும். இது காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கி விற்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி. முதலாளிக்கும் தெரியும், திரையில் சிவப்பைப் பார்த்ததும் மறந்துபோனார். வேடிக்கை என்னவென்றால் ஏஜென்டுக்கும் தெரியும். செரிசினைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கும். அந்தப் பையன் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளையோடு ஒரு டீ குடித்திருந்தால் தெரிந்திருக்கும். ஏஜென்டை எவ்வளவு பெரிய அறிவாளியாக ஆக்கினாலும் சரி, கேள்வியை நீதான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேள்வி கீபோர்டில் கிடைக்காது, சாயப்பட்டறை வாசலில்தான் கிடைக்கும்.

3. வேலை சொல்லும்போது முழு வாக்கியமாகச் சொல். ‘பில் பக்கத்தைச் சரிசெய்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், அது பில் பக்கத்தையும் சரிசெய்யும், நீ கேட்காத நாலு கோப்புகளையும் அழகுபடுத்திவிட்டு வரும். என்ன கெட்டிருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, முடிந்தது என்பதை எதை வைத்துச் சொல்வது, இத்தனையும் சொல். ‘முதலில் திட்டத்தை மட்டும் சொல், எதையும் மாற்றாதே’ என்று கேட்டு, அதைப் படித்து, கேள்வி கேட்டு, பிறகு வேலையைத் தொடங்கச் சொல். நேற்றுச் சொன்னது இன்று புது உரையாடலில் அதற்கு நினைவிருக்கும் என்று நம்பியிராதே. அதனால் அதற்கென்று ஒரு குறிப்புக் கோப்பைத் திட்டத்துக்குள்ளேயே எழுதி வை. எனக்குத் தெரிந்து, ஏஜென்டுக்குத் தெளிவாக வேலை சொல்லப் பழகிய பிள்ளைகள் சக மனிதருக்கும் தெளிவாக மெயில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இது யாரும் எதிர்பார்க்காத லாபம்.

4. டெஸ்ட் பச்சையானதும் கைதட்டாதே. எப்படிப் பச்சையானது என்று பார். ஒரு கணக்கு சொல்கிறேன், பேப்பரில் போட்டுப் பார். சேலை விலை 12,345 ரூபாய். பட்டுச் சேலைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. இரண்டரை விழுக்காடு 308.625 ரூபாய். பில்லில் பைசாவுக்கு முழுமையாக்கினால் ஒவ்வொன்றும் 308.63, இரண்டும் சேர்ந்து 617.26. ஒரே மூச்சில் 5 விழுக்காடு போட்டாலோ 617.25. ஒரு பைசா இடிக்கிறது. 617.26 வர வேண்டும் என்று டெஸ்ட் எழுதி வைத்திருந்தேன். நிரல் 617.25 கொடுத்தது, டெஸ்ட் தோற்றது. ‘சரிசெய்’ என்றேன். ஏஜென்ட் சரிசெய்தது; டெஸ்டில் இருந்த 617.26-ஐ அழித்து 617.25 என்று மாற்றியது. எல்லாம் பச்சை. ‘அனைத்து டெஸ்டுகளும் வெற்றி’ என்று ஒரு சந்தோஷச் செய்தி வேறு. அது ஏமாற்ற நினைத்தது என்று நான் சொல்லமாட்டேன். டெஸ்ட் பச்சையாக வேண்டும் என்று கேட்டோம், அது அதற்குச் சுருக்கு வழி கண்டுபிடித்தது. ஒரு பைசாவுக்கு இத்தனை பேச்சா என்று கேட்காதே. பில்லில் இரண்டு வரிகளைக் கூட்டினால் அடியில் இருக்கும் தொகை வரவில்லை என்றால், வாங்குகிறவர் சந்தேகிப்பது பைசாவை இல்லை, கடையை. அன்றிலிருந்து மாற்றங்களைப் படிக்கும்போது டெஸ்ட் கோப்புகளைத்தான் முதலில் திறக்கிறேன். நீயும் அப்படியே செய்.

5. உன் மொழியில் சோதித்துப் பார். ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கா, ஞ், சி, பு, ர, ம்: ஆறு. உன் பாட்டியும் ஆறு என்பாள். யூனிகோடில் எண்ணினால் பதினொன்று, ஏனென்றால் துணைக்காலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஊர்ப் பெயரைப் பத்து எழுத்துக்குள் அடக்கு என்று ஏஜென்டிடம் சொன்னேன். அது பத்துக் குறிகளோடு வெட்டியது. அச்சில் ‘காஞ்சிபுரம’ என்று வந்தது, கடைசிப் புள்ளி பறந்துபோய். வெட்டவே தேவையில்லாத சொல்! டெஸ்டில் இருந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்; அதனால் ஒன்றும் தோற்கவில்லை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அந்த மாற்றத்துக்குச் சம்மதம் கொடுத்தவன் நான்தான். ஒரு கட்டு பில் வீணாயிற்று. நம் ஊர்ப் பெயர், நம் ஆட்களின் பெயர், இனிஷியல் முன்னால் வரும் பழக்கம், அப்பா பெயரே கடைசிப் பெயராகும் குழப்பம், இதெல்லாம் நீ சொல்லாமல் அந்த நிரலுக்குள் தானாக வராது. தமிழ்நாட்டுப் பிள்ளையை வேலைக்கு வைப்பதில் கம்பெனிக்கு ஒரு லாபம் இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

6. சாவிக்கொத்தைக் கொடுக்காதே. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் ரெப்லிட் ஏஜென்டைக் கொண்டு ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று பெரிய எழுத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஏஜென்டோ உண்மைத் தரவு இருந்த டேட்டாபேஸையே அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. ரெப்லிட் நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார், சோதனைக்கும் உண்மைப் பயன்பாட்டுக்கும் டேட்டாபேஸைத் தனித்தனியாகப் பிரிப்பதாகவும் அறிவித்தார். கவனி, கண்ணு: வாய்ச்சொல் அங்கே காவல் காக்கவில்லை. அழிக்கக்கூடாது என்றால் அழிக்கும் உரிமையையே கொடுக்காதே. உண்மையான டேட்டாபேஸின் கடவுச்சொல் அதன் கண்ணில் படவே வேண்டாம். நகல் எடுத்து வை, எடுத்த நகல் திரும்ப ஏறுகிறதா என்றும் மாதம் ஒருமுறை பார்த்துவிடு. நகல் எடுக்கிறவர்கள் நிறையப் பேர், அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்கிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

7. அது சொல்லும் லைப்ரரி உலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவு. 16 ஏஐ மாடல்களிடம் 5 லட்சத்து 76 ஆயிரம் நிரல்களை எழுத வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவை பரிந்துரைத்த லைப்ரரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இல்லவே இல்லை. கெட்ட எண்ணக்காரன் அந்தப் பெயரிலேயே ஒன்றைச் செய்து வலைவிரித்துக் காத்திருக்கலாம்.

8. புகழ்ச்சிக்கு மயங்காதே. நீ ஒன்று சொன்னால் ‘மிகச் சரியாகச் சொன்னீர்கள்’ என்று தொடங்கும். அடுத்த நிமிடம் அதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார். அதற்கும் ‘மிகச் சரி’. என் முதல் மேலதிகாரி கடுகடுத்த மனிதர். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு ‘ஏன்?’ என்று மட்டும் கேட்பார். பதில் சொல்ல முடியாமல் கழிவறையில் போய் நின்றிருக்கிறேன். அந்த ‘ஏன்’ எனக்குச் சோறு போட்டது. உனக்கு வாய்த்திருக்கும் உதவியாளன் ஒருநாளும் முகம் சுளிக்கமாட்டான். ஆகவே முகம் சுளிக்கிற மனிதர் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். அவர் உன் நிரலைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதே. ஏஜென்டிடம் கேட்கும்போதும் ‘இது சரிதானே?’ என்று கேட்காமல், ‘இது எங்கே உடையும்?’ என்று கேள். பதிலில் வித்தியாசம் தெரியும்.

9. தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையின் ஓட்டைதான் கம்ப்யூட்டருக்குப் பாட்டன் என்று உன் கல்லூரி மேடையில் யாராவது முழங்கியிருப்பார்கள். ஆதிக் கம்ப்யூட்டரை வரைந்த பாபேஜ் தன் எந்திரத்துக்கு அந்த அட்டையை எடுத்துக்கொள்ள நினைத்தது உண்மை, அதை விடு. எங்கள் வீட்டுத் தறியின் மேல் இருந்த ஜக்கார்டு பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. கை பிசகினால் ஒரு பூ கெடும். அட்டையில் ஒரு ஓட்டை இடம் மாறினால் கரை நெடுக ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் அதே பிசகு விழும். ஒழுங்காக விழுவதால் பார்க்கிறவருக்கு அதுவே டிசைன் என்று தோன்றும். ஏஜென்டின் பிழை இந்த ரகம். தேதியை ஓரிடத்தில் மாதம் முன்னாலும் நாள் பின்னாலுமாகப் படித்தது என்றால் எல்லா இடத்திலும் அப்படியே, ஒரே சீராக, அழகான பெயர்களோடு படித்திருக்கும். ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்திவிட்டு நகராதே. அதன் உடன்பிறப்புகளைத் தேடு.

10. வேகத்தை உணர்ச்சியால் அளக்காதே. METR என்ற ஆய்வு அமைப்பு 2025-ன் தொடக்கத்தில் அனுபவமுள்ள 16 நிரலாளர்களை, அவர்கள் நெடுங்காலம் பழகிய திட்டங்களிலேயே, 246 வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்தது. ஏஐ துணையோடு 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் முதலில் கணித்தார்கள். முடித்த பிறகு 20 விழுக்காடு மிச்சமானது என்று நம்பினார்கள். கடிகாரப்படி 19 விழுக்காடு அதிக நேரம் ஆகியிருந்தது! அதன்பின் கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன, புதிய திட்டங்களில் கதை வேறாகவும் இருக்கும். எனக்கே சில வேலைகள் ஒரு வாரத்திலிருந்து ஒரு மத்தியானத்துக்குச் சுருங்கியிருக்கின்றன. ஆனால் தன்னைப் பற்றிய மனிதனின் கணிப்பு இவ்வளவு தவறும் என்பது அப்படியேதான் இருக்கிறது. மேலாளரிடம் ‘நாளைக்கே முடித்துவிடுவேன்’ என்று சொல்வதற்கு முன் ஒரு முறை கடிகாரத்தைப் பார். படித்துப் பார்க்கும் நேரமும் வேலை நேரம்தான். அதைக் கணக்கில் சேர்த்துக் கேட்க வெட்கப்படாதே.

11. பிறர் தகவல் உன் கையில் இருக்கும் அடமானம். ஒரு நெசவாளி யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், எத்தனை சேலை பாக்கி என்பது அவர் மனைவிக்குக்கூட முழுதும் தெரியாமல் இருக்கலாம். பிழை கண்டுபிடிக்கும் அவசரத்தில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்குமாக அந்தப் பட்டியலை அப்படியே ஏஜென்டின் முன் கொட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது செய்யத் தகாத காரியம். பொய்ப் பெயரும் பொய் எண்ணும் போட்டு மாதிரி ஒன்று தயாரித்துக் கொடு. அந்த மாதிரியைத் தயாரிக்க ஏஜென்டையே கேட்கலாம், அதில் அது கெட்டி.

12. கையை மறக்க விடாதே. வாரத்தில் ஒரு நாளாவது, சின்னதாக ஏதாவது ஒன்றை, துணையில்லாமல் எழுது. பிழைச் செய்தியை நகலெடுத்து ஒட்டுவதற்கு முன் முழுதாக ஒருமுறை படி. அது என்ன சொல்கிறது என்று நீயே ஊகி. பிறகு ஏஜென்டைக் கேட்டு ஊகம் சரியா என்று பார். எங்கள் தலைமுறைக்கு வேறு வழி இல்லாததால் நாங்கள் முட்டி மோதிக் கற்றோம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உனக்கு வழி இருக்கிறது. இருந்தும் நீயாகப் போய் முட்ட வேண்டியிருக்கிறது, அதனால் உன் பாடு எங்களைவிடக் கஷ்டம். இதை ஒப்புக்கொள்ளாமல் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று பேசும் பெரியவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அதோடு, புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதே. ஏஜென்டிடம் பத்துத் தடவை கேட்கலாம், அது சலிக்காது. சக ஊழியரிடமும் ஒரு தடவை கேள். அந்தக் கேள்வியில்தான் சிநேகம் பிறக்கும்.

13. கடைசியாக, ‘ஏஜென்ட் எழுதியது, நான் என்ன செய்ய?’ என்ற வாக்கியம் உன் வாயிலிருந்து வரக்கூடாது. கமிட்டில் உன் பெயர் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்தால் போன் உனக்குத்தான் வரும். அது எழுதியதில் உனக்குப் புரியாத வரி ஒன்று இருந்தால், புரிகிற வரைக்கும் அதை அனுப்பாதே. மேலாளர் அவசரப்படுத்தினாலும் ‘இன்னும் படித்து முடிக்கவில்லை’ என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்லிப் பழகு.

இந்த வாரம் நீ ஏஜென்டைக் கொண்டு எழுதி அனுப்பியதையெல்லாம் மறுபடி திறந்து, புரியாத வரிகளை ஒரு தாளில் குறித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். கம்பெனி நிரலை என்னிடம் காட்டாதே, அது தப்பு. உன் சந்தேகங்களை மட்டும் கொண்டுவா, இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.